அவர் சட்டை கழற்றாத வருஷம்

என் புருஷன் பீலிக்குப் போவதை நிறுத்தியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆண்கள் எல்லோரும் வேலை முடிந்ததும், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று குளிப்பார்கள். குளிரில் பல் தந்தியடிக்கும், ஆனாலும் வாய் ஓயாது. யாருக்கு யாரோடு சண்டை, எந்தக் கங்காணி யாரைத் திட்டினான் என்பதெல்லாம் அங்கேதான் அலசிக் காயப்போடப்படும். அந்த அரட்டை இல்லாமல் இருக்க முடியாத மனிதர், திடீரென்று வெந்நீர் வைத்துத் தரச் சொல்லி, அடுப்படிக் குசினிக்குப் பின்னால் தகரத்தை மறைப்பாக நிறுத்திக் குளிக்கத் தொடங்கினார். குளிர் தாங்கவில்லை என்றார். ஹட்டனுக்கு மேலே பிறந்து வளர்ந்து ஐம்பதைத் தொட்டவருக்கு இப்போதுதான் குளிர் தெரிகிறதாக்கும் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். மலையில் பறித்த கொழுந்தை எடைபோட்டு முடித்ததும் சாக்குகளை ஏற்றி பெக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறேன். கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டி, மூக்குத் துடைத்து, தூங்கவைப்பது என் வேலை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் கொழும்பில் இருக்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன் அவருக்குத் தலைவலி வந்து கண் மங்கியது. மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி என்று கண்டி ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, கண்ணும் தப்பியது. ஆனால் ஆணின் உடம்பில் ஆண் ஹோர்மோனைச் சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது அந்தச் சுரப்பிதானாம். அந்த உத்தரவு நின்றுபோனது. கட்டி இருந்த காலம் முழுவதும்கூட அது சரியாக வந்திருக்காது என்றார்கள். ஆள் துவண்டு போனார். மீசை மெலிந்தது. சாக்கைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. என் பக்கம் திரும்பிப் படுப்பதும் இல்லாமல் போனது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இருபத்தைந்து வருஷம் ஒற்றை அறைக் காம்பராவில் குடும்பம் நடத்தியவள் நான்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட வேண்டும் என்றார்கள். எண்ணெய் மாதிரி தடித்த மருந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று. முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே போட்டுக்கொண்டார். அந்த டிஸ்பென்சரி பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில் தோட்டமே நிற்கும். யார் உள்ளே போகிறார்கள், எந்தப் பக்கத்தைத் தடவிக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும். எப்படியோ விஷயம் கசிந்தது. 'ஆம்பிளை ஊசி' என்று பெயர் வைத்தார்கள். "அண்ணே, எனக்கும் பாதி போடச் சொல்லுங்க" என்று ஒருவன் சத்தமாகக் கேட்டானாம். அன்றோடு டிஸ்பென்சரிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஹட்டன் டவுனில் ஊசி போடும் ஒரு ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரிக்காரரிடம் போகத் தொடங்கினார். எனக்கும் அது நல்லதாகவே பட்டது.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. பழைய மனிதர் திரும்பி வந்தார். குரல் தடித்தது, நடையில் ஒரு மிடுக்கு வந்தது. நான்கூடச் சாமான் வாங்க டவுனுக்குப் போகும்போது நல்ல சேலை உடுத்திக்கொண்டேன்.

அப்புறம்தான் இந்த வெந்நீர் குளியல். அதோடு வேறு சிலவும் சேர்ந்தன. முகம் உப்பியது. கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினால் குழி விழுந்து நின்றது. லொறிக்குள் வியர்த்தாலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. துவைக்கப் போட்ட துணியில் இறுக்கமான பனியன்கள் இரண்டிரண்டாக வந்தன. பிள்ளைக்காம்பராக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல் என்று நான் சும்மா சொன்னதற்குக் கண்கலங்கி எழுந்து வெளியே போனார். எங்கள் மகளுக்கு நிமோனியா வந்தபோதே அழாத மனிதர் அவர். தூக்கத்தில் நான் தெரியாமல் கையை நெஞ்சில் போட்டால் சுட்டதுபோல் உதறினார்.

எனக்கு வாய் நீளம் என்று தோட்டத்தில் பெயர். ஆனால் பயம் வந்தால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் நான் நிறையப் பேசாமல் இருந்தேன்.

மாசியில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் அம்மனைத் தோளில் சுமந்து லயம் லயமாகக் கொண்டுபோவார்கள். சுமப்பவர்கள் காப்புக் கட்டி, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், நெஞ்சு நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு நடக்க வேண்டும். இவர் கல்யாணமான வருஷத்திலிருந்து முன்பக்கக் கம்பைச் சுமந்து வந்தவர். காப்புக் கட்டும் நாளில் நான் மாவிளக்குக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசலிலேயே தோட்டத் தலைவரின் சம்சாரம் குறுக்கே வந்து நின்றாள்.

"நீ ஏங்க்கா வந்த? ஒங்க வீட்டுக்குத் தீட்டுனு அண்ணன் சொல்லிட்டுப் போனாரே. லிந்துலை பெரியவரு தவறிட்டாராம்ல."

லிந்துலைப் பெரியவர் என்றால் என் புருஷனின் பெரியப்பா. பங்காளிச் சாவு, அதனால் எங்களுக்குத் தீட்டு. நான் மாவுப் பாத்திரத்தோடு படியை விட்டு இறங்கினேன். இரண்டு பெண்கள் வந்து என் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டார்கள். தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து லிந்துலைக்கு ஃபோன் போட்டேன். செத்துப்போன பெரியவரே எடுத்தார். அங்கே மழை எப்படி என்று கேட்டார், கொஞ்சம் இருமினார், திருவிழாவுக்கு வர முடியாதது மனசுக்குக் கஷ்டமாக இருப்பதாகச் சொன்னார். ஃபோனை வைத்தேன். சிரிப்பும் வந்தது, அதைவிடப் பெரிதாக ஒரு பயமும் வந்தது. உயிரோடு இருப்பவரைச் சாகடித்துவிட்டுத்தான் ஒரு மனிதன் ஒன்றை மறைக்கிறான் என்றால், அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

அவர் வந்ததும் கேட்டேன்.

"உசுரோட இருக்கிற மனுசன ஏங்க கொன்னீங்க?"

"என்னைய ஒண்ணும் கேக்காத புள்ள" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார்.

நான் நினைத்தால் போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் காப்புக் கட்டும் நாளில் கோயில் காரியத்தில் பொய் சொன்னவன் என்று தெரிந்தால் தோட்டத்தில் தலை காட்ட முடியாது. அதனால் அந்தப் பொய்யில் நானும் சேர்ந்துகொண்டேன். மேளம் எங்கள் லயத்தைத் தாண்டிப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் தீட்டு வீட்டுக்காரர்களாக உள்ளே உட்கார்ந்திருந்தோம். அம்மன் எங்கள் வாசலில் நிற்காமல் போன ஒரே வருஷம் அதுதான்.

எந்தப் பெண்ணுக்கும் முதலில் வரும் சந்தேகம்தான் எனக்கும் வந்தது. டவுனில் எவளோ இருக்கிறாள், அவள் கீறியதோ கடித்ததோ நெஞ்சில் இருக்கிறது, அதனால்தான் சட்டையைக் கழற்றுவதில்லை என்று கதை கட்டிக்கொண்டேன். அந்த ஆத்திரத்தில் அவருடைய மழைக்கோட்டுப் பையைத் துழாவினேன். கையில் ஒரு மாத்திரை அட்டை அகப்பட்டது. சின்ன வெள்ளை மாத்திரைகள். பெயரைப் படித்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். டிஸ்பென்சரியில் இருப்பவர் ஆண் என்று அவள் கட்டியை யாரிடமும் காட்டவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அறுவைக்குப் பின் அவளை என் காம்பராவுக்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பெண் ஹோர்மோன் அந்த நோய்க்குத் தீனி போடுகிறது, அதை உடம்பில் உண்டாகவிடாமல் தடுக்கத்தான் இந்த மாத்திரை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தினமும் சோற்றுக்குப் பிறகு என் கையால் கொடுத்த மாத்திரை. என் மடியில்தான் அவள் போனாள்.

இவருக்கும் அதே நோய் வந்துவிட்டது என்றுதான் நான் முடிவு கட்டினேன். வேறு எப்படி நினைக்க முடியும்? நெஞ்சை மறைக்கிறார், அழுகிறார், கையில் அந்த மாத்திரை இருக்கிறது. அட்டையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. இதற்குள் உடம்பில் உப்பல் வடிந்திருந்தது, ஆனால் வேறொன்று தொடங்கியிருந்தது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. லொறியில் ஏற ஒரு கையால் கதவையும் மறுகையால் தொடையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டார். அந்த வளைவுப் பாதையில், பின்னால் கொழுந்தோடு சாக்குக்காரப் பையன்களும் தொற்றிக்கொண்டு நிற்க, இந்தக் கைதான் லொறியை வளைக்க வேண்டும், இந்தக் கால்தான் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன். லொறி திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை பிள்ளைகளுக்கு ஊட்டும் கை என்னுடையதாக இருக்காது. புற்று எலும்புக்கு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். என் அக்காவுக்கும் அப்படித்தான் வலித்தது.

லொறிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு சாக்கைத் தூக்கித் தோளுக்கு ஏற்றியவர், ஈரக் கொழுந்தோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். முதுகில் ஏதோ முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்று பிறகு சொன்னார். நான் ஓடியபோது மண்ணில் கையூன்றி, முகம் வெளிறி, "தூக்காதீங்க, தூக்காதீங்க" என்று எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்போதும் ஸ்வெட்டர் கழுத்துவரை மூடியிருந்தது.

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி அமுங்கியிருக்கிறது என்று கண்டிக்கு அனுப்பினார்கள். ஒரு சாக்குக் கொழுந்துக்கு ஐம்பது வயது ஆணின் எலும்பு நொறுங்கக் கூடாது என்று அங்கே எல்லோருக்கும் ஆச்சரியம். ஹோர்மோன் கிளினிக்கில் இருந்தது ஒரு சிங்கள டொக்டர் அம்மா. திருவிழாவுக்கு முன்பிருந்தே இவர் கிளினிக்குக்கு வரவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். கிளினிக் நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியவர், பழைய சீட்டைக் காட்டி மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். டொக்டர் நிதானமாக, என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டார். ஊசி மட்டும்தான் என்றார் இவர். புறப்படும்போது மழைக்கோட்டிலிருந்து எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்த அந்த அட்டையை மேசையில் வைத்தேன்.

இதை எங்கே வாங்கினீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

"மொதல்ல வாங்கல" என்றார், என்னைப் பார்த்து, தமிழில். "வீட்டுல இருந்துச்சு. ஒங்க அக்காவோட பொட்டியில. மாருக்குள்ள மருந்துதானேன்னு எடுத்தேன்."

அக்காவின் சேலைகளோடு, மிச்சமிருந்த மாத்திரைகளையும் எறிய மனசு வராமல் பெட்டியில் வைத்திருந்தேன். அவள் தொட்ட பொருள் என்று வைத்தது. அது தீர்ந்த பிறகு டவுனில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, இப்படிப்பட்ட மாத்திரைகளும் விற்கும் ஒருவனிடம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டவுனில் ஊசிக்கு என்று அடிக்கடி பஸ் ஏறினால் அங்கேயும் யாராவது பார்ப்பார்கள் என்று, மூன்று வாரத்து ஊசியை ஆறு வாரத்துக்கு ஒருதரம் இரண்டாகச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். டொக்டரே அப்படித்தான் சொன்னார் என்று ஊசி போடுபவரிடம் பொய். மாதத்தில் பாதி நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் மீதி நாளில் இரட்டை வேலை பார்த்து ஈடுகட்டுகிறவர்கள் நாங்கள். மருந்தும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். டொக்டர் அம்மா சிங்களத்தில் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆண் ஹோர்மோன் ஒரேயடியாக நிறைய உள்ளே போனால், உடம்பு அதில் ஒரு பங்கைப் பெண் ஹோர்மோனாக, அதாவது ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுமாம். வயிற்றுக் கொழுப்பில்தான் அந்த வேலை அதிகம் நடக்குமாம். சாராயம் குடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதனால்தான் நீர் கோத்தது, மனசு இளகியது, மார்பு பெண்ணுக்குப்போல வளர்ந்தது. அப்போதே வந்திருந்தால் ஊசியின் அளவைக் குறைத்துச் சரிசெய்திருக்கலாம். இவரோ மாற்றமே நடக்காமல் தடுக்கும் மாத்திரையை, இரத்தம் பார்க்காமல், அளவு தெரியாமல், தினமும் விழுங்கியிருக்கிறார். ஈஸ்ட்ரோஜன் தரைமட்டத்துக்குப் போய்விட்டது. ஆணின் எலும்பைக் காப்பாற்றுவதும் அதே ஈஸ்ட்ரோஜன்தானாம். கட்டி இருந்த காலத்திலேயே மெலிந்துபோயிருந்த எலும்பு, இதில் மொத்தமாக விட்டுக்கொடுத்துவிட்டது.

டொக்டர் அம்மா என் வயதைக் கேட்டார். எனக்கு மாதவிலக்கு நின்று சில வருஷங்கள் ஆகின்றன என்றேன். சாதாரணமாக உங்களைவிட உங்கள் புருஷனுக்கு ஈஸ்ட்ரோஜன் கூடத்தான் இருக்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இப்போது அவருக்கு உங்களைவிடக் குறைந்துவிட்டது என்றார். வேறு நேரமாக இருந்தால் இதை வைத்து வருஷம் முழுக்க அவரைக் கேலி செய்திருப்பேன்.

பிறகு திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் சட்டையைக் கழற்றச் சொன்னார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு நான் அதை அன்றுதான் பார்த்தேன். வயசுக்கு வரும் பிள்ளைக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் தூக்கி நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அருவருப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. இதற்காகவா, இந்தக் கைப்பிடிச் சதைக்காகவா முதுகை உடைத்துக்கொண்டாய் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது புற்றுநோய் இல்லை, வெறும் சுரப்பி வளர்ச்சிதான், ஆனால் நாளாகிவிட்டதால் தானாக வற்றாது என்றார்கள். ஆண்களுக்கு இங்கே புற்றுநோய் வருவது ரொம்பக் குறைவு, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது என்பதால் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 'இப்போது' என்ற அந்த ஒரு வார்த்தை பஸ்ஸில் வழி முழுக்க என்னோடு வந்தது.

வரும் வழியில்தான் அவர் வாய் திறந்தார்.

"ஒங்க அக்காவுக்கு வந்ததுதான் எனக்கும்னு நெனச்சேன். அப்பறம் ஆம்பளைக்கு எப்படி வரும்னு நெனச்சேன். ரெண்டையும் மாத்தி மாத்தி நெனச்சிக்கிட்டே இருந்தேன். ஒங்கிட்ட சொன்னா நீ திரும்ப அவ கெடந்த அந்தக் கட்டிலப் பாக்கணுமே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று சொல்கிறார். அதை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. பெரிய ஊசி இல்லை. அதே மருந்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து வாரத்துக்கு ஒருதரம். தொடையில் போட எனக்கே கற்றுக்கொடுத்தார்கள், ஞாயிறு காலை நான்தான் போடுகிறேன். அடுத்த ஊசிக்கு முன்னால் இரத்தம் கொடுத்து இரண்டு ஹோர்மோனையும் பார்க்கிறார்கள். எலும்புக்குத் தனி மருந்து. மாத்திரையை அடியோடு நிறுத்தியாயிற்று. ஒருசிலருக்கு அதை அளந்து, இரத்தம் பார்த்துப் பார்த்து டொக்டர்களே கொடுப்பதுண்டாம், இவருக்கு வேண்டாம் என்றார்கள். சனிக்கிழமைச் சாராயம் போய்விட்டது, அதோடு கொஞ்சம் வயிறும் போனது. லொறியும் போய்விட்டது. பெக்டரி வாசலில் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு விரல் அளவு உயரம் குறைந்து, முன்பக்கமாக வளைந்து நிற்கிறார். அவர் தும்மினால்கூட ஓடிப்போய் முதுகைத் தடவிப் பார்க்கிறேன். அடுத்த எலும்பு எந்தத் தும்மலில் போகுமோ தெரியாது.

இன்று சாயங்காலம் பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு வந்தேன். அவர் வாசல் பக்கமாக, வெளிச்சம் விழும் இடத்தில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். லயத்து ஆட்கள் போய்வரும் நேரம். நான் பதறிக் கதவைச் சாத்தப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இடப்பக்கத்து மார்பின் ஓரத்தில் வைத்தார்.

"இது போன வாரம் இல்ல" என்றார்.

சின்ன உளுந்து அளவு. அழுத்தமாக, அசையாமல் இருந்தது. என் விரலுக்கு அது பழக்கமானதுபோல் இருந்தது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

"காலைல மொத பஸ்ஸுக்குப் போவோம்" என்றார். "தலைவர்கிட்டயும் பெக்டரியிலயும் சொல்லிட்டேன், எதுக்குப் போறேன்னு."

அப்புறம் என் ஃபோனை வாங்கி மகளை அழைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சுவரோரம் நின்று சத்தமில்லாமல் அழுதேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா பக்கத்துலதான் நிக்கிறா. அப்பாவுக்கு மாருல ஒரு கட்டி இருக்கும்மா" என்று தொடங்கினார். 'மாரு' என்று சொல்லும்போது மட்டும் குரல் சறுக்கியது. பிறகு முதலிலிருந்து, எதையும் விடாமல், எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார்.